சுவரில் ஒரு சாண் பொந்து

சித்தப்பா வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார்.

உண்மையில் அது வாசலே இல்லை. இரும்புச் சட்டத்தில் வெள்ளைப் பருத்தி நூலை விரல் இடைவெளி விட்டு மேலிருந்து கீழே இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கதவு அகலத்துக்கு நூல் கட்டாமல் விட்டிருந்த இடம். சென்னையில், துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கிடங்கு. கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் ஷூவோடு நுழைந்து ஷூவோடு வெளியே போனார்கள். சித்தப்பா மட்டும் குனிந்து, செருப்பை ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். அதைப் பார்த்துப் பின்னால் வந்த எங்கள் தெருக் கும்பலும் கழற்றியது. பதினோரு ஜோடி.

அந்தச் செருப்புகளை ஃபோட்டோ எடுத்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு இருந்த மற்றதெல்லாம் போய்விட்டது.

போன வாரம் இந்தப் பத்தியில் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதற்குச் சிரித்துக் கடிதம் போட்டவர்கள் மன்னிக்கவும். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் குறைவு.

நூல் வீடு

கல்லூரியில் ஓவியம் படிக்கப் போய், மூன்றாம் வருஷத்தில் தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்ஸ்டலேஷன் பக்கம் வந்தவள் நான். அதாவது, ஒரு இடத்தையே கலையாகச் செய்வது. பார்க்க வருகிறவர் அதற்குள் நடக்க வேண்டும். இதை அம்மாவுக்கு விளக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது.

“கொலு வைக்கிற மாரியா?” என்றாள்.

“கிட்டத்தட்ட. பொம்மைக்குப் பதிலா நாமளே உள்ள போய் நிக்கணும்.”

“சுண்டல் குடுப்பாங்களா?”

“மாட்டாங்கம்மா.”

“அப்ப எதுக்கு வருவாங்க?”



படிப்பு முடிந்ததும் ஒரு கண்காட்சியில் எனக்கு இடம் கிடைத்தது. தலைப்பு, வீடு. வேறு எதை யோசிப்பேன்? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் இருக்கும் வீட்டை அச்சாக அதே அளவில், நூலால் கட்டுவது என்று முடிவு செய்தேன். எங்கிருந்து பார்த்தாலும் எல்லா அறையும் தெரியும். சுவர் இருக்கும், மறைக்காது. இப்படியெல்லாம் விண்ணப்பத்தில் எழுதினேன். சுவர் மறைப்பது எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

ஃபிரிட்ஜை எங்கே வைப்பது

எங்கள் வீடு ஒரே நீளமாக, தெருவிலிருந்து பின்புறம் வரை ஓடும் வீடு. ஓடியது என்று சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயதில் நடுவில் ஒரு சுவர் வந்தது. இந்தப் பக்கம் அப்பா, அம்மா, நான். அந்தப் பக்கம் சித்தப்பா, ராணி சித்தி. அவர்களுக்குச் சந்து வழியாக வேறு வாசல்.

காரணம் என்ன என்று கேட்டால் அப்பா ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வாள். நான் விசாரித்த வரையில், புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜைக் கூடத்தில் வைப்பதா, சமையலறையில் வைப்பதா என்பதில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு யார் யாரை என்ன சொன்னார்கள் என்பது எனக்குச் சொல்லப்படவில்லை. இப்போது வீட்டில் சுவரும் இருக்கிறது, இரண்டு ஃபிரிட்ஜும் இருக்கிறது.

சுவர் கட்ட வந்த கொத்தனாருக்கு ஒரு சிக்கல். அப்பாவின் தறி குழித்தறி. தரையில் வெட்டிய குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. இடம் மாற்ற முடியாது. நீள வாக்கில் ஓடும் பட்டு நூலை நாங்கள் பாவு என்போம். அந்தப் பாவு தறியிலிருந்து கிளம்பி, தரைக்கு அரைச் சாண் மேலே, கூடம் முழுக்க நீண்டு, மறுகோடியில் இருக்கும் தூணில் போய்க் கட்டியிருக்கும். மிச்சப் பாவு அங்கேயே மூட்டையாகத் தொங்கும். தறி இந்தப் பக்கம், தூண் அந்தப் பக்கம். நடுவில்தான் சுவர் வருகிறது.

“இத்த இன்னாபா பண்றது?” என்று கொத்தனார் கேட்டாராம். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவராகவே பாவு போகும் இடத்தில் மட்டும் செங்கல் வைக்காமல் விட்டுவிட்டார். இரண்டரை முழ அகலம், ஒரு சாண் உயரம். வீட்டில் அதற்குப் பெயர் பொந்து.

அப்படியாக, பேச்சு நின்றுபோன பிறகும் அண்ணனின் பாவு தம்பியின் கூடத்தில் ஓடியது. சித்தப்பா நெசவை விட்டுவிட்டு ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தார். ஆனாலும் அவர் கூடத்துக் குறுக்கே எங்கள் பட்டு. பாவைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் சின்ன வயதிலேயே காலில் ஏறிவிடும் பழக்கம். சித்தப்பாவும் சித்தியும் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வர, ஒவ்வொரு தடவையும் தூணைச் சுற்றித்தான் வந்தார்கள். பன்னிரண்டு வருஷம். ஒரு நாள்கூடத் தாண்டியதில்லை.

தட்டு

புதுப் பாவு ஏற்றும் நாளில் அம்மா ஒரு எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பூ, இரண்டு வாழைப்பழம் வைத்து, பொந்து வழியாகத் தள்ளுவாள். தட்டு அந்தப் பக்கம் போகும். சாயங்காலத்துக்குள் திரும்பி வரும். காலியாக வராது, கொஞ்சம் சர்க்கரையோ, ஒரு துண்டு மஞ்சளோ இருக்கும். வார்த்தை எதுவும் வராது.

வாசல் வழியாகப் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சந்துக்குள் இருபது எட்டுதான். ஆனால் தெரு பார்க்கும். ‘போய்ட்டாளா?’ என்று யாராவது கேட்பார்கள். பொந்து வழியாகப் போனால் யாரும் போனதாக ஆகாது.

சித்தப்பா என்னிடம் மட்டும் பேசுவார், அதுவும் வெளியே. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் “இன்னா மீனா, இளைச்சிட்ட?” என்பார். நான் எந்த எடையில் இருந்தாலும் அதே கேள்வி.

வீட்டை அளக்க அவர் பக்கமும் போக வேண்டியிருந்தது. தயங்கித் தயங்கி ஃபோனில் கேட்டேன். ஃபோனைப் பொத்திக்கொண்டு சித்தியிடம் ஏதோ கேட்டார். பிறகு, “ஞாயித்துக்கிழம வா. டேப்பு நீ எட்த்துக்கினு வா” என்றார்.

போனேன். டேப்பின் மறுமுனையைச் சித்தப்பாவே பிடித்தார். தூணிலிருந்து சுவர், சுவரிலிருந்து அடுப்படி. சித்தி காபி போட்டுக் கொடுத்து, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சித்தப்பா பொந்துக்கு முன்னால் குந்தினார்.

“இத்தயும் போடுவியா?”

“இதுதான் சித்தப்பா முக்கியம்.”

“அப்ப சரியா போடு. இந்த மூலையில ஒரு செங்கல் ஒடஞ்சிருக்குது பாரு. அத்தயும் போடு.”

திரும்பி வந்ததும் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, தறியில் ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டே, “அந்தப் பக்கம் ஓடு ஒழுவுதா?” என்றார். “இல்லப்பா, நல்லாத்தான் இருக்குது” என்றேன். “ம்” என்றார். இந்த வேலை முடிவதற்குள் இரண்டு பேரும் பேசிவிடுவார்கள் என்று நான் நம்பத் தொடங்கினேன். கலை இதைச் செய்யாவிட்டால் வேறு எதைச் செய்யும் என்று நண்பர்களிடம் வாய் கிழியப் பேசினேன்.

அந்த மூன்று மணி நேரம்

நூல் வீடு தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் செத்த வீடு மாதிரி இருந்தது. சத்தம் இல்லை. எங்கள் வீட்டின் சத்தத்தைப் பதிவு செய்து பொந்துக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கரில் வைத்தால் என்ன? அந்த யோசனை வந்த நிமிஷம் எனக்குத் தூக்கம், பசி எல்லாம் போனது.

ஒரு புதன்கிழமை. பதினோரு மணிக்கு, கைக்கடக்கமான ரெக்கார்டர் ஒன்றைப் பொந்தின் மூலையில், உடைந்த செங்கலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நூல் வாங்கப் பெரிய காஞ்சிபுரம் போய்விட்டேன். தறிச் சத்தம் எடுக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை. சித்தியை நினைக்கவே இல்லை.

இரண்டு மணிக்கு வந்து அதை எடுத்துக்கொண்டு, சென்னைக்குப் போகும் பஸ்ஸில் ஹெட்ஃபோனில் கேட்டேன். தறி, குக்கர் விசில், யாரோ வடகம் விற்கும் குரல். பிறகு தறி நின்றது. பன்னிரண்டரைக்கு அப்பா டீக்கடைக்குப் போவது வழக்கம். அம்மாவின் ராட்டினம் கேட்டது. பொந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுவாள். அதற்குப் பிறகு, மிக அருகில், ராணி சித்தியின் குரல்.

“இன்னிக்குக் கத்திரிக்கா கொழம்பு. உப்பு தூக்கல். யாரு கேக்கப் போறா?”

ராட்டினம் நின்றது. சித்தி சொன்னதைக் கேட்டு முடித்ததும் மறுபடி சுற்றியது.

“நேத்து சாயங்காலம் வந்ததும் சொன்னாரு. அண்ணன் முனையில நின்னுக்கினு இருந்தாராம். எலும்பா பூட்டாருடின்னாரு. அவ்ளோதான். பேசாத பாத்ரூம் உள்ள பூட்டாரு. கொழாய தொறந்து வுட்டுக்கினு அழுவுறாரு மனுசன். தண்ணி சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. வாரத்துக்கு ரெண்டு தபா இந்தக் கூத்து. டேங்க்கு காலியாவுது.”

ராட்டினம் நின்றிருந்தது. வெகு நேரம். பிறகு அம்மாவின் குரல்:

“ம்.”

அவ்வளவுதான். ஒரே ஒரு “ம்.” சித்தி சுவரைப் பார்த்துத் தனக்குத்தானே பேசுவது போலப் பேசுகிறார், அம்மா நூலைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள். யாரும் யாரோடும் பேசவில்லை. அவர்களுடைய குரலின் சாவகாசத்தைக் கேட்டால் தெரிந்தது, இது ஒரு நாள் கதை இல்லை. பல வருஷமாக, தினமும் நடப்பது.

பஸ்ஸில் அழுதேன். அழுதுகொண்டே, கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று தொடையைத் தட்டிக்கொண்டேன். இரண்டும் ஒரே நேரத்தில். அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஒரு நண்பனை வைத்து நான்கு நிமிஷமாக வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தேன்.

டேங்க்கு காலியாவுது

கண்காட்சியின் முதல் நாள் அப்பாவும் அம்மாவும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ஸ்பீக்கர் ஒயரிங் முடியவில்லை. அவர்கள் எதையும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், ராணி சித்தியும்தான். வேனை ஏற்பாடு செய்தது சித்தப்பாதான். ‘எங்க அண்ணன் பொண்ணு’ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததாக, எதிர்வீட்டு பாபு அண்ணன் என்னிடம் சொன்னார். ‘அண்ணன்’ என்ற வார்த்தையைச் சித்தப்பா வெளியே சொல்லிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், தூண் இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றி நடந்தார். அங்கே ஒரு கயிறு மட்டும்தான் தொங்கியது. அவர் கால் தானாகச் சுற்றியது. பொந்துக்கு வந்து குந்தினார். உடைந்த செங்கல் மூலையும் நூலில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது ஸ்பீக்கரில் கத்திரிக்காய்க் குழம்பு ஆரம்பித்தது.

“ஏ, இது ராணி குரலு!” என்றார் யாரோ. எல்லாரும் நெருங்கி வந்தார்கள். சித்தப்பா குந்தியபடியே இருந்தார். குழாய், தண்ணீர், அழுகை, வாரத்துக்கு இரண்டு தபா, டேங்க். எல்லாம் தெளிவாகக் கேட்டது, நல்ல ஸ்பீக்கர்.

பாபு அண்ணன்தான் முதலில் சிரித்தார். “இன்னா மாமா, மோட்டார் போட்டுக்கினா அழுவுற? கரன்ட்டு போச்சுன்னா இன்னா பண்ணுவ?”

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. எங்கள் தெருச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சித்தப்பாவும் ஒரு நொடி சிரித்தார். பிறகு முட்டியில் கை ஊன்றி எழுந்தார். போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் இறங்கவில்லை.

சித்தி நகரவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தன் குரல் மறுபடி ஆரம்பத்திலிருந்து பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனேன்.

“சித்தி, அழகா இருந்துச்சுன்னுதான்...”

“அது உங்கம்மாவுக்குச் சொன்னதுமா” என்றார்.

மூட்டை

மறுநாள் திங்கள்கிழமை. நான் சென்னையில் இருந்தேன். நடந்தது அம்மா சொல்லித் தெரியும்.

சித்தப்பா லீவு போட்டுவிட்டுக் கொத்தனாரைக் கூட்டி வந்தார். தறியில் பாதி நெய்த சேலை. அந்தப் பக்கம் தூணில் பாவு. அறுத்திருந்தால் ஆயிரக்கணக்கான இழை வீணாகியிருக்கும், யாரும் எதுவும் கேட்டிருக்கவும் முடியாது. அவர் அறுக்கவில்லை. தூணிலிருந்து கயிற்றை அவிழ்த்து, இழை சிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி, நெசவை விட்டுப் பல வருஷமான கையால், ஒரு மூட்டையாகக் கட்டினார். அதைப் பொந்து வழியாக இந்தப் பக்கம் தள்ளினார். தட்டு வருவது போல.

அப்பா குழியில் உட்கார்ந்தபடி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இரண்டு பேர் கையும் அந்த மூட்டையில் ஒரே நேரத்தில் இருந்தது என்று அம்மா சொன்னாள்.  பிறகு செங்கல் வர ஆரம்பித்தது.

“ஒரு இழை அறலமா” என்று அப்பா ஃபோனில் என்னிடம் சொன்னார். அதை மட்டும்தான் சொன்னார்.

அன்றைக்கே ஸ்பீக்கரைக் கழற்றினேன். ரெக்கார்டர், லேப்டாப், பென்டிரைவ், வெட்டித் தந்த நண்பனின் கணினி, ஒவ்வொன்றாக உட்கார்ந்து எல்லாவற்றிலும் அழித்தேன். மூன்று மணி நேரப் பதிவும் சேர்த்து. சரியானதைச் செய்கிறோம் என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

உருளை

சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். சுவரில், தரையோடு ஒட்டி, நீளமாக ஒரு சாம்பல் நிறப் பட்டை. சிமென்ட் இன்னும் ஈரம். அந்த வாசனை வீடு முழுக்க இருந்தது.

தறி என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே வந்திருந்தேன். அப்பா தறிக்குப் பின்னால் ஒரு மர உருளையைப் பூட்டிக்கொண்டிருந்தார். பாவு முழுவதையும் அதில் சுற்றிவிட்டால் போதும். தூணும் வேண்டாம், நீளமும் வேண்டாம். எங்கள் தெருவில் எல்லாரும் எப்போதோ உருளைக்கு மாறிவிட்டார்கள். எங்கள் அப்பா மட்டும் பழைய ஆள், புதுசு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நானே நண்பர்களிடம் கிண்டலடித்திருக்கிறேன்.

“ரெண்டு நாள் வேலையாப்பா இது?” என்றேன்.

“ஒண்ணரை நாளு.”

“அப்ப இத்தன வருசமா ஏம்பா வைக்கல?”

அவர் ஆப்பை அடித்து முடித்துவிட்டு, சுத்தியலைக் கீழே வைத்தார்.

“உருள வெச்சா பொந்து எதுக்கு?”

ஆப்பை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், சொன்னார்:

“பன்னண்டரை மணிக்கு எவனாவது டீ குடிப்பானாமா? சோறு துண்ற நேரம். வயிறு எரியும் எனக்கு.”

எனக்குத் தெரியாதது அம்மாவும் சித்தியும் பேசியது மட்டும் என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் தினமும் எழுந்து போயிருக்கிறார். அந்தப் பொந்து மூடாமல் இருப்பதற்காகவே உருளையைத் தள்ளிப் போட்டிருக்கிறார். வீடு, இடம், அடையாளம் என்று நான் பக்கம் பக்கமாக எழுதிய விண்ணப்பத்தில் இந்த டீ இல்லை.

இப்போது

நூல் வீடு இரண்டு ஊர்களுக்குப் போய்விட்டு வந்தது. மூன்றாவது ஊருக்கும் கேட்டிருக்கிறார்கள். பொந்துக்கு முன்னால் எல்லாரும் தவறாமல் குனிகிறார்கள். கையை விட்டுப் பார்க்கிறார்கள். ‘அந்த மௌனம் பிரமாதம்’ என்று ஒரு அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

எவர்சில்வர் தட்டு அந்தப் பக்கமே தங்கிவிட்டது. கண்காட்சிக்கு வேன் கிளம்பிய காலையில் அம்மா பூ வைத்துத் தள்ளியது, திரும்பி வரவில்லை. கேட்க வழியில்லை. சித்தப்பாவைப் பஸ் ஸ்டாண்டில் இரண்டு முறை பார்த்தேன். இளைத்துவிட்டாயா என்று கேட்கவில்லை.

போன மாதம் ஊரில் இருந்தேன். மத்தியானம். அப்பா தறியை விட்டு எழுந்திருக்காமல் அங்கேயே சாப்பிட்டார். டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சாப்பிட்டுப் பாயில் சாய்ந்ததும், அம்மா ராட்டினத்தை எடுத்துக்கொண்டு பழைய இடத்தில், அந்தச் சாம்பல் பட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மீனா.”

“இன்னாமா?”

“அன்னிக்கு எட்த்தியே, அந்தச் சத்தம். ஃபோன்ல இருக்குதா?”

“ஏம்மா?”

“சும்மாதான். ஒருக்கா போடேன்.”

 “அழிச்சிட்டேம்மா. அன்னிக்கே.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

பதிவு செய்யும்போதும் நான் அவளிடம் கேட்கவில்லை. அழிக்கும்போதும் கேட்கவில்லை. அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு நூல் முனையைத் தேடி எடுத்தாள்.

ராட்டினம் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. நூல் அறவில்லை, நூல் சுற்றும் கண்டும் நிறையவில்லை. அம்மாவின் கை சக்கரத்தின் மேலேயே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க ஆகும் நேரம்.

பிறகு மறுபடி சுற்றியது.